உங்களுக்குத் தெரியுமா? மின்னல் ஆட்டக்காரர்களின் மெதுவான பக்கம்

பொழியூர்க் கடற்கரையில் சாயங்காலம் பந்து உருளாத நாள் கிடையாது. சந்தோஷ் டிராபி வரைக்கும் ஆள் அனுப்பிய ஊர். பந்தாட்டம் முடிந்து கால் கழுவி வந்ததும் பிள்ளைகள் இப்போது கையில் எடுப்பது போன், போனில் செஸ். மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம், தோற்றால் உடனே அடுத்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, எல்லை தாண்டிக் கொல்லங்கோடு, களியக்காவிளை வரை இதே கதைதான். இப்படி ஆடி ஆடிப் பிள்ளை தேறுமா, கெட்டுப்போகுமா என்று பெற்றோருக்கு ஒரு சந்தேகம். உலகத்தின் வேகமான ஆட்டக்காரர்களைப் பற்றிய சில துணுக்குகள் இதோ. பிள்ளைகளுக்காக எழுதியதுதான், அப்பா அம்மாவும் எட்டிப் பார்க்கலாம்.

●

வேக ஆட்டத்தில் உலகம் அஞ்சும் பெயர்களில் ஒன்று நம் மாநிலத்துப் பெயர். திருச்சூர்க்காரர் நிஹால் சரின், 2004-இல் பிறந்தவர். கேரளத்தின் மூன்றாவது கிராண்ட்மாஸ்டர். (முதலாமவர் ஜி.என். கோபால். இரண்டாமவர் எஸ்.எல். நாராயணன், நம் திருவனந்தபுரத்துக்காரர்.) இணையத்தில் நடந்த ஜூனியர் ஸ்பீட் செஸ் போட்டியை 2020, 2021 என்று இரண்டு ஆண்டும் வென்றவர். 2022-இல் கொல்கத்தா டாடா ஸ்டீல் போட்டியின் ரேபிட் பட்டமும் அவருக்குத்தான்.

போனில் அவர் ஆட்டங்களைப் பார்த்துச் சொக்கிப்போகும் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது வேறொன்று. 2014-இல் டர்பனில் பத்து வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்றாரே, அது மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடும் கிளாசிக்கல் ஆட்டம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இரண்டாம் பலகையில் தங்கம் வாங்கியதும் கிளாசிக்கல்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் சென்னையின் ஸ்ரீநாத் நாராயணன். 2005-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன் அவர், 2024-இல் புடாபெஸ்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டனும் அவரே.

●

பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ கொடுத்தால் பிளிட்ஸ். பத்துக்கு மேல், ஒரு மணிக்குக் கீழ் என்றால் ரேபிட். ஒரு நிமிட ஆட்டத்துக்குப் புல்லட் என்று பேர். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதற்குத் தனிப் பட்டமே நடத்துவதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அதிகம் ஆடுவது அதைத்தான்!

●

ஒரு சின்னக் கணக்கு. உலக பிளிட்ஸ் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 வினாடி கூடும். நாற்பது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தால் கையில் மொத்தம் 260 வினாடி. ஒரு நகர்த்தலுக்கு ஆறரை வினாடி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டால் மற்ற முப்பத்தொன்பதுக்கும் கிடைப்பது ஐந்து வினாடி சொச்சம்தான்.

இப்போது மறுபக்கம். முதல் பத்து நகர்த்தலும் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி. செலவு 10, வரவு 20. பத்து நகர்த்தல் முடிந்தபின் உங்கள் கடிகாரத்தில் 3 நிமிடம் 10 வினாடி நிற்கும், தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்! எதிராளி அதே பத்துக்கு ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அவரிடம் 2 நிமிடம் 20 வினாடி. ஒரு காய் கூட வெட்டுப்படவில்லை, ஐம்பது வினாடி முந்திவிட்டீர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் தொடக்க ஆட்டத்தை வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து படிப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

நகர்த்தலுக்கு நகர்த்தல் நேரம் கூட்டும் இந்தக் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் பாபி ஃபிஷர். ஆண்டு 1989. 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தை வைத்தே ஆடினார்.

●

காயை எந்தக் கையால் நகர்த்தினீர்களோ அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். இது விதி. வலது கை காயில், இடது கை கடிகாரத்தின் மேல் என்று காத்திருப்பது ஆகாது. போனில் மட்டுமே ஆடிப் பழகிய பிள்ளை முதல்முறை நிஜப் பலகை முன் உட்காரும்போது இரண்டு விஷயத்தில் தடுமாறும். ஒன்று, கடிகாரத்தை அமுக்கவே மறந்துபோகும். இரண்டாவது, முறையற்ற நகர்த்தலை இங்கே எந்த மென்பொருளும் தடுக்காது. பிளிட்ஸில் அப்படி ஒரு தடவை செய்தால் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாம் தடவை ஆட்டமே போகும். ஒரு மரப் பலகையும் கடிகாரமும் வாங்கி வைத்து, வாரத்துக்குச் சில ஆட்டமாவது நேருக்கு நேர் ஆட வையுங்கள்.

●

விஸ்வநாதன் ஆனந்துக்குச் சின்ன வயதிலேயே 'மின்னல் பையன்' என்று பெயர். எதிராளி தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், இவர் நகர்த்திவிட்டு எழுந்து மற்ற பலகைகளை வேடிக்கை பார்க்கப் போய்விடுவார். இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

ஒரு பாதி மணிலாவிலிருந்து. எழுபதுகளின் கடைசியில் ரயில்வேயில் இருந்த அப்பாவுக்குப் பிலிப்பைன்ஸில் வேலை. அங்கே டிவியில் மதிய நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும், கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா புதிரைக் குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து போட்டு முடித்து, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். திரும்பத் திரும்ப இவரே வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்!

மறு பாதி சென்னையிலிருந்து. சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் தொடங்கி வைத்த தால் செஸ் கிளப். அங்கே பிளிட்ஸ் நடக்கும். ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி ஆட வேண்டுமென்றால் நெடுநேரம் நிற்க வேண்டும். அதனால் தோற்பது கட்டுப்படியாகாது. போனில் தோற்றால் அடுத்த எதிராளி இரண்டு வினாடியில் வந்துவிடுகிறார், விலையே இல்லை. தால் கிளப் பிளிட்ஸுக்கும் இன்றைய போன் பிளிட்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் எண்ணம்.

●

1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சேஸ், சைமன் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த நிலையை ஐந்தே வினாடி காட்டி மறைத்துவிட்டு, வேறொரு பலகையில் அதேபோல் அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். கற்றுக்குட்டிக்கு நாலுதான் வந்தது. சரி, காய்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுக் காட்டினால்? அந்த நிபுணரும் கற்றுக்குட்டியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டார்கள்.

நிபுணருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. கோட்டை கட்டிய ராஜா, அவர் முன் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை என்பதை அவர் ஐந்து தனிக் காயாகப் பார்க்கவில்லை, பழகிய ஒரே உருவமாகப் பார்த்தார். (யானை என்று நான் சொல்வது பலகையின் மூலையில் நிற்கும் காய். மலையாளம் மீடியம் பிள்ளைகள் தேர் என்பது அதைத்தான்.) மூன்று வினாடியில் நகர்த்துகிறவர் மூன்று வினாடியில் கண்டுபிடிப்பதில்லை. எப்போதோ பொறுமையாகப் பார்த்து வைத்ததை அடையாளம் காண்கிறார். பொழியூரில் இதை விளக்கவே வேண்டாம். காலை இழுக்கும் மணலில் ஓடி ஓடிப் பழகியவன் புல் தரைக்குப் போனால்தானே பறக்கிறான்!

●

அமெரிக்காவின் டேனியல் நரோடிட்ஸ்கி பிளிட்ஸிலும் புல்லட்டிலும் உலகின் முன்வரிசையில் நின்றவர். 2025 அக்டோபரில், 29 வயதில், காலமானார். ஆடிக்கொண்டே, ஏன் இந்த நகர்த்தல், ஏன் மற்றது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகும் அவருடைய வீடியோக்களில் செஸ் கற்றுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இத்தனை வேகக்காரர் எழுதிய புத்தகங்கள் எதைப் பற்றி என்கிறீர்கள்? 2010-இல், பதினாலு வயதில், வெளியான முதல் புத்தகம் அவசரமில்லாத நிலைசார் ஆட்டத்தைப் பற்றி. இரண்டாவது, இறுதி ஆட்டங்கள். இரண்டுமே பிள்ளைகள் கொட்டாவி விடும் பாடங்கள்!

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சுலபமான வேலை உண்டு. வாரத்தில் ஒரு ஆட்டத்தை, தம்பியோ தங்கையோ பக்கத்தில் உட்கார, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே ஆடிப் பாருங்கள். காரணம் சொல்ல வராத நகர்த்தல் எத்தனை என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

●

மின்னல் பையனுக்கே வேகம் துரோகம் செய்த நாளும் உண்டு. சோச்சி, 2014 நவம்பர், உலகப் பட்டப் போட்டி, ஆறாவது ஆட்டம். 26-ஆம் நகர்த்தலில் எதிராளி, நார்வேயின் கார்ல்சன், ராஜாவை டி2-க்கு வைத்தார். வைத்த உடனே தவறு புரிந்துவிட்டது. குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டினால் ஆனந்துக்கு இரண்டு சிப்பாய் லாபம். கார்ல்சன் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு காத்திருந்தார்.

ஆனந்த் ஒரு நிமிடம்போல யோசித்து, ஓரத்துச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். கடிகாரத்தில் நேரம் இருந்தது. ஆனால் தன் திட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, எதிராளி இப்போது வைத்தது என்ன என்று அவர் புதிதாகப் பார்க்கவில்லை. வாய்ப்பு வருமென்றே எதிர்பார்க்காதவருக்கு அது வந்தது தெரியாமல் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் தோற்றார், போட்டியிலும்தான்.

ஆனந்துக்கே இது நடக்கும் என்றால் நமக்கு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கும். எதிராளி காயை வைத்ததும் ஒரே கேள்வி: இது எதைக் காத்தது, எதைக் கைவிட்டது? மூன்று நிமிட ஆட்டத்திலும் இதற்கு நேரம் உண்டு. மற்ற எல்லாவற்றையும் சுருக்கலாம், இதைச் சுருக்கக் கூடாது.

●

செஸ்ஸில் மிக இளைய உலகச் சாம்பியன் பிளிட்ஸ் புலி இல்லை! 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் பட்டம் வென்றபோது சென்னை குகேஷுக்கு 18 வயது. கிளாசிக்கலில் இருந்த தரப் பட்டியல் இடம் அவருக்கு ரேபிட்டிலும் பிளிட்ஸிலும் இருந்ததில்லை. சிறு வயதில் அவரை வார்த்த விஷ்ணு பிரசன்னா, நெடுநாள் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொடவே விடவில்லை. சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பழகட்டும் என்று.

கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். பதினாலாவது. டிராவில் முடிந்தால் மறுநாள் சமநிலையை உடைக்க ரேபிட் டைபிரேக், அதில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கே வாய்ப்பு அதிகம் என்று பேச்சு. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி (சாய்வாக ஓடும் காய்). டிரா என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆம் நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்து, யானையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். யானைகள் போயின. உடனே குகேஷ் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்தார். மூலையில் மாட்டியிருந்த டிங்கின் மந்திரிக்கு ஓட இடமில்லை, அதையும் மாற்றியாக வேண்டும். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த இறுதி ஆட்டம் வெற்றி என்பது குகேஷுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். 58-ஆம் நகர்த்தலில் டிங் கை கொடுத்துவிட்டார்.

●

அதே பாடத்தின் முதல் வரி இது, பலகையை எடுங்கள். வெள்ளை ராஜா ஈ6, வெள்ளைச் சிப்பாய் ஈ5, கறுப்பு ராஜா ஈ8. யார் நகர்த்தினாலும் வெள்ளைக்கு வெற்றி. கறுப்பு டி8-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்7, இனி சிப்பாய்க்குத் தடையில்லை. வெள்ளையின் முறை என்றால் ராஜா டி6, கறுப்பு டி8, சிப்பாய் ஈ6, கறுப்பு ஈ8, சிப்பாய் ஈ7, கறுப்பு வேறு வழியின்றி எஃப்7, வெள்ளை ராஜா டி7. அடுத்தது ராணி. இதைத் தெரிந்தவருக்கு மூன்று வினாடி போதும். தெரியாதவருக்கு மூன்று நிமிடமும் பத்தாது. ஆட்டத்தின் நடுவே கண்டுபிடிக்கும் விஷயமில்லை இது.

●

உலகப் பட்டமே ரேபிட்டில் முடிவாகியிருக்கிறது. மாஸ்கோ, 2012. ஆனந்தும் இஸ்ரேலின் கெல்ஃபாண்டும் பன்னிரண்டு ஆட்டம் ஆடி 6-6. ரேபிட் டைபிரேக்கில் ஆனந்த் 2.5-1.5 என்று வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் யானை இறுதி ஆட்டத்தை கெல்ஃபாண்ட் வென்றிருக்கலாம், அவர் கடிகாரத்தில்தான் நேரம் இல்லை.

●

நம் பிரக்ஞானந்தா பாகுவில் 2023 உலகக் கோப்பை இறுதிவரை போனது டைபிரேக்குகளின் தயவில். அமெரிக்காவின் நகமுராவை ரேபிட்டில் வென்றார். அர்ஜுன் எரிகைசியோடு மோதியது, தோற்றவர் வெளியே என்ற ஒற்றை பிளிட்ஸ் ஆட்டம் வரை இழுத்தது. இன்னொரு அமெரிக்கர் கருவானாவும் டைபிரேக்கில்தான் வீழ்ந்தார். 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சே போட்டியில் குகேஷும் அவரும் சமமாக முடித்தார்கள். இருவருமே கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டு வந்தவர்கள். பிளிட்ஸில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, அடுத்த இரண்டும் பிரக்ஞானந்தாவுக்கு. ஆக, வேக ஆட்டம் வேண்டவே வேண்டாம் என்று பிள்ளையைத் தடுப்பதும் சரிப்படாது. கிளாசிக்கல் போட்டியே அதில் போய் முடிகிறதே!

●

வேக ஆட்டத்துக்கு நேரெதிர், பழைய சோவியத் ஆசான் போட்வின்னிக். கடைசியாக பிளிட்ஸ் ஆடியது 1929-இல், ரயிலில் என்று சொல்வாராம். அவரிடம் படித்த கார்போவும் காஸ்பரோவும் பிளிட்ஸில் கொடிகட்டிப் பறந்தார்கள்.

●

1970-இல் யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் ஒரு பிளிட்ஸ் போட்டி. தால், பெட்ரோசியான், கோர்ச்நோய், ஸ்மிஸ்லோவ் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலரும் உண்டு. ஃபிஷர் 22-க்கு 19 எடுத்தார். இரண்டாவது வந்த தாலுக்கு 14.5. போட்டி முடிந்தபின் ஃபிஷர் தன் 22 ஆட்டங்களையும் முதல் நகர்த்தலிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார் என்பார்கள்.

உங்கள் பிள்ளை நேற்று ராத்திரி ஆடிய இருபது ஆட்டத்தில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள். இருபது ஆடி ஒன்றும் நினைவில்லை என்றால் ஐந்து ஆடி ஐந்தையும் திரும்பப் பார்ப்பது மேல். ஒவ்வொன்றிலும் எங்கே புரண்டது என்று ஒரே ஒரு நகர்த்தல் கண்டுபிடித்தால் போதும், முதலில் எஞ்சின் இல்லாமல்.

●

பிளிட்ஸ் ராஜா ஹிகாரு நகமுராவின் முதல் செஸ் பள்ளி வீடுதான், அதுவும் நம் பக்கத்து இலங்கையோடு தொடர்புள்ள வீடு. அவருடைய வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி இலங்கைக்காரர், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர்.

●

வயதானால் வேகம் போய்விடும் என்பார்கள். 2017 டிசம்பரில் லண்டன் போட்டியில் கடைசி இடம் பிடித்துச் சோர்ந்துபோன ஆனந்த், ரியாத் உலக ரேபிட் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்றே யோசித்தார். போனார். 48 வயது. பதினைந்து சுற்றிலும் தோல்வியே இல்லை. ஒன்பதாம் சுற்றில் கார்ல்சனை வென்றார். டைபிரேக்கில் 22 வயது ஃபெடோசேவை 2-0. உலக ரேபிட் சாம்பியன்! அதே ஊரில் சில நாளில் பிளிட்ஸிலும் வெண்கலம்.

●

தோற்றதும் 'ரீமேட்ச்' பொத்தானைத் தட்டும் விரலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று தோற்றபின் நாலாவதை யாரும் செஸ்ஸாக ஆடுவதில்லை, கோபத்தை ஆடுகிறார்கள். இரண்டு தொடர்ந்து தோற்றால் போனைக் கீழே வை என்று வீட்டில் ஒரு சட்டம் போடலாம். அப்பாவுக்கும் அது பொருந்தும்.

போட்டியில் அந்த வசதி இல்லை, தோற்ற கையோடு அடுத்த பலகைக்குப் போயாக வேண்டும். 2024 டிசம்பர், நியூயார்க், பெண்கள் உலக ரேபிட். ஆந்திராவின் கோனேரு ஹம்பி முதல் சுற்றிலேயே தோற்றார். மாஸ்கோவில் 2019-இல் இதே பட்டத்தை வென்றவர். நியூயார்க்கில் அவருக்கு 37 வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். பதினோரு சுற்றுப் போட்டியில் முதல் சுற்றே போனால் பட்டத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? அவரும் நினைக்கவில்லையாம். ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது முன்னணியில் ஒரு கூட்டமே சமப்புள்ளியில் நின்றது. கறுப்புக் காயோடு இந்தோனேசியாவின் ஐரீன் சுகந்தரை வென்று 8.5 புள்ளியை எட்டியவர் அவர் ஒருவர்தான்.